இடிந்ததை எப்படிக் கட்டுவது?



2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்து, முகாம்களில் இருந்த சனங்கள் படிப்படியாக ஊர் திரும்பிய நாள் முதல் வன்னிப் பெருநிலத்தில் கட்டட வேலை ஓய்ந்ததில்லை. கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு வந்தது. கூரை பறிபோன கோவிலுக்குக் கூரை வந்தது. மர நிழலில் நடந்த வகுப்புகளுக்குச் சுவரும் கதவும் வந்தன. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் எழுந்தன. வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நம் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

கட்டுவதைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. காசு எவ்வளவு? படம் கீறியவர் யார்? வேலை எப்போது முடியும்? இவை வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கு அடியில் நாலாவது கேள்வி ஒன்று கிடக்கிறது. இடிந்து கிடப்பதில் எதை வைத்திருப்பது, எதை நீக்குவது, புதிதாக வருவது பழையதோடு எப்படிச் சேர்வது? இதை எஞ்சினியரிடம் விட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. முன்னே கட்டியவர்களுக்கு நாம் பட்ட கடன், பின்னே வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய உண்மை, இன்று கூரை வேண்டி நிற்கிறவரின் தேவை ஆகிய மூன்றும் அதற்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே இது மனச்சாட்சியின் கேள்வியாகும்.

மூன்று பழக்கமான விடைகள்

இடிந்த கட்டடத்தின் முன் நிற்கிற மனிதர் பொதுவாக மூன்றில் ஒன்றைச் சொல்வர்.

முதலாமவர், "முன்பு இருந்தது போலவே கட்டுங்கள், இடிந்த அடையாளமே தெரியக்கூடாது" என்பார். அவரிடம் பாசம் இருக்கிறது. தன் கண்முன் இழந்ததை அதே கண்முன் மீண்டும் காண விரும்புகிறார். இரண்டாமவர், "தொடவே வேண்டாம், அப்படியே விடுங்கள், பார்க்கிறவன் பார்க்கட்டும்" என்பார். அவரிடம் நீதியின் தாகம் இருக்கிறது. மூன்றாமவர், "பழசை எல்லாம் வழித்துத் தள்ளிவிட்டுப் புதுசாய்க் கட்டுங்கள்" என்பார். அவரிடம் பிள்ளைகளைப் பற்றிய கவலை இருக்கிறது. மூவரையும் நாம் நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். பல வேளைகளில் மூவரும் ஒரே மனிதருக்குள்ளேயே இருந்து வாதாடுகிறார்கள்.

இந்த வாதம் நமக்கு மிக அருகில், உலகறிய நடந்த இடம் யாழ்ப்பாணப் பொது நூலகம். அதிலிருந்து தொடங்குவோம்.

வெள்ளைச் சுவர் சொல்லாத கதை

1933ஆம் ஆண்டில் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டில் தொடங்கிய சிறு இலவச நூலகமே அந்தப் பெரிய நூலகத்தின் விதை. அதை நகரத்துக்கு ஏற்ற கட்டடமாக்க வேண்டும் என்று உழைத்தவர்களில் முன்னின்றவர் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார். சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் படம் வரைந்தார். நூலகத்துறை அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை கூறினார். 1954இல் அடிக்கல் நாட்டி, 1959இல் திறந்தார்கள். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு அது எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்த செய்தி நம் குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

அதன் பின் பழுது பார்த்தார்கள். போர் வந்து மீண்டும் சிதைத்தது. 1998இல் அரசு திரும்பக் கட்டும் வேலையைத் தொடங்கியபோதுதான் நாம் மேலே சொன்ன மூவரின் வழக்கும் வெளியே வந்தது. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டு, நூலகத்தை வேறிடத்தில் கட்டலாம் என்றார்கள் சிலர். எரித்த கறையை வெள்ளையடித்து மறைக்கப் பார்க்கிறார்கள் என்று ஐயுற்றார்கள் சிலர். பிள்ளைகள் இன்னும் எத்தனை வருடம் புத்தகம் இல்லாமல் இருப்பது என்று கேட்டார்கள் வேறு சிலர். 2003இல் திறப்பு விழாவை ஒட்டி எழுந்த பிணக்கில் மாநகர சபை உறுப்பினர்களே பதவி விலகும் அளவுக்கு நிலைமை போனது. இறுதியில் பழைய உருவிலேயே, பழைய கும்பங்களோடு, வெள்ளை வெளேரென்று நூலகம் திறந்து, மாணவர் வந்து படித்தார்கள்.

நடுநிலையாக எண்ணிப் பாருங்கள். புத்தகம் கேட்டவர்கள் பிழையாகக் கேட்கவில்லை. நூலகத்தின் முதற் கடமை வாசகனுக்கு நூல் கொடுப்பது. ஐயுற்றவர்களும் பிழையாக ஐயுறவில்லை. அந்த வெள்ளைச் சுவரை இன்று நிமிர்ந்து பார்க்கிற பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒருமுறை கருகி நின்றது என்று சுவர் சொல்லித் தராது. யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். சொல்லுகிறவர் வயது முதிர்ந்து போன பின் என்ன ஆகும்?

சரி, இடிந்ததை அப்படியே விட்டால் அது தானாகப் பேசுமா? கிளிநொச்சியில் 2008ஆம் ஆண்டின் இறுதியில் வீழ்ந்த தண்ணீர்த் தாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த பின் அது வீழ்ந்த கோலத்திலேயே பல ஆண்டுகள் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டு, அருகில் பலகையும் நாட்டப்பட்டது. பேருந்துகளில் வந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். கொங்கிறீற்றுக்கு வாய் இல்லை, பலகைக்குத்தான் வாய். பலகையை எழுதுகிறவர் எவரோ, அவருடைய கதையைத்தான் இடிபாடு சொல்லும். ஆகவே அப்படியே விட்டுவிட்டால் உண்மை காப்பாற்றப்பட்டுவிடும் என்பதும் முழு விடை அல்ல.

இருமுறை எரிந்த பல்கலைக்கழக நூலகம்

நம்மைப் போல் துன்பப்பட்டவர்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. பெல்ஜியத்திலுள்ள லூவெய்ன் கத்தோலிக்க பல்கலைக்கழகம் 1425இல் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டினின் அனுமதியோடு தொடங்கியது. அதன் பழைய மண்டபம் முதலில் துணி வியாபாரிகள் 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. பல்கலைக்கழகம் அதற்குள் குடிபுகுந்தது. 17ஆம் நூற்றாண்டில் அதன்மேல் வேறொரு பாணியில் மாடி எழுப்பினார்கள். 1914ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் திகதி இரவு ஜேர்மன் படைகள் நகருக்குத் தீ வைத்தபோது மண்டபமும், அதில் இருந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் எரிந்தன.

போருக்குப் பின் அந்த மண்டபத்தை, எஞ்சி நின்ற சுவர்களைக் கொண்டே மீண்டும் எழுப்பினார்கள். நூலகத்துக்கோ, நகரின் வேறொரு சதுக்கத்தில் அமெரிக்க மக்களின் நன்கொடையால் புதிய மாளிகை எழுந்தது. அங்கேதான் கவனிக்க வேண்டிய ஒரு வழக்கு நேர்ந்தது. கட்டடக்கலைஞர் விற்னி வாரன் மாளிகையின் முகப்பில் இலத்தீன் மொழியில் ஒரு வாசகம் பொறிக்க விரும்பினார். ஜேர்மனியரின் வெறி இதை அழித்தது, அமெரிக்கரின் கொடை இதை மீட்டது என்பது அதன் கருத்து. பல்கலைக்கழக அதிபர் லதூஸ் ஆண்டகை மறுத்துவிட்டார். கல்விக்கூடத்தின் நெற்றியில் பகையை எழுதி வைக்கலாகாது என்பது அவர் பக்கத்தாரின் நிலை. நடந்ததைத்தானே எழுதச் சொல்கிறோம் என்பது மற்றப் பக்கத்தாரின் நிலை. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1928இல் நூலகம் திறந்தபோது அந்த இடத்தில் எழுத்தில்லாத வெறும் கைப்பிடிச் சுவரே இருந்தது.

1940ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த நூலகம் இரண்டாம் முறையும் எரிந்தது. மீண்டும் அதே படத்தின்படி கட்டினார்கள். இன்றும் மாணவர் அங்கே படிக்கிறார்கள்.

இந்த வழக்கு நமக்குக் கற்பிப்பது என்ன? காயத்தை நினைவில் வைப்பது வேறு, பகையைக் கல்லில் வெட்டி வைப்பது வேறு. முதலாவது உண்மைக்குச் செய்யும் கடமை. இரண்டாவது, இன்னும் பிறக்காத பிள்ளையின் கையில் நம் கோபத்தைக் கொடுத்துவிட்டுப் போவது. இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது. நேர்மையான மனிதர் அந்தக் கோட்டின் இரு பக்கமும் நின்றிருக்கிறார்கள். ஆகவே எதிர்ப்பக்கம் நிற்கிறவரைத் துரோகி என்றோ வெறியன் என்றோ அவசரப்பட்டு அழைக்க வேண்டாம்.

முழுதாக அழிந்ததைப் புதிய உருவில் நினைத்தல்

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் சாமிநாதர் சபைத் துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய புனித பவுல் ஆலயம், பின்னர் பல்கலைக்கழக ஆலயமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குத் தப்பிய அந்த ஆலயத்தை, 1968ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி, சமாதான காலத்தில், கிழக்கு ஜேர்மன் கம்யூனிஸ்ட் அரசே வெடி வைத்துத் தகர்த்தது. எதிர்த்தவர்கள் கைதானார்கள். தகர்ப்பதற்கு முன் கிடைத்த சில நாட்களில் பீடத்தையும் நினைவுக் கற்கள் சிலவற்றையும் காப்பாற்றி வைத்தார்கள்.

ஆட்சி மாறிய பின், பழைய ஆலயத்தை அச்சாக அப்படியே கட்ட வேண்டும் என்று ஒரு சாராரும், பல்கலைக்கழகத்துக்கு நவீன மண்டபமே வேண்டும் என்று மற்றொரு சாராரும் பல்லாண்டு வாதாடினர். ஒல்லாந்துக் கட்டடக்கலைஞர் எரிக் வான் எகரார் வரைந்த படத்தின்படி எழுந்த கட்டடம் 2017இல் திறந்தது. அதன் முகப்பு இழந்த ஆலயத்தின் முகப்பை நினைவூட்டுகிறது. ஆனால் அதன் பிரதி அல்ல. உள்ளே நடுக்கூடத்துத் தூண்கள் சில தரையைத் தொடாமல் மேலிருந்து தொங்குகின்றன. இங்கே ஏதோ இருந்தது, இப்போது இல்லை என்பதைப் பார்க்கிறவர் யாரும் சொல்லாமலே உணர்வர். காப்பாற்றப்பட்ட பழைய பீடம் அங்கே திரும்பி வந்திருக்கிறது. ஒளி ஊடுருவும் ஒரு தடுப்பின் ஒரு பக்கம் வழிபாட்டிடம், மறுபக்கம் பல்கலைக்கழக மண்டபம்.

எல்லோருக்கும் இது பிடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. 1968இல் இடித்தவர்கள் எவர் சொல்லையும் கேளாமல் இடித்தார்கள். திரும்பக் கட்டியவர்கள் எல்லோரும் சண்டை பிடித்துச் சலித்த பிறகே கட்டினார்கள். அந்தச் சண்டையும் மீள் கட்டுமானத்தின் ஒரு பகுதியே.

நான்காம் கற்பனையும் எட்டாம் கற்பனையும்

இவ்வளவையும் பார்த்த பின், கட்டுகிறவருக்கு உதவும் நெறி ஏதும் உண்டா என்று கேட்கலாம். பழைமைச் சின்னங்களைப் பேணும் துறையினர் 1964இல் வெனிஸ் நகரில் கூடி ஒரு பட்டயம் வகுத்தனர். அதில் ஒரு நெறி நாம் மனதில் கொள்ளத் தக்கது. குறைந்துபோன பகுதியை நிரப்பும்போது புதியது முழுமையோடு இசைந்து நிற்கவேண்டும். அதே வேளை எது பழையது, எது புதியது என்று பிரித்தறியக் கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பதே அது.

இந்த நெறிக்குள் நம் சிறுபிள்ளைகள் ஞானோபதேசத்தில் படிக்கும் இரண்டு கற்பனைகள் ஒளிந்திருக்கின்றன. இசைந்து நிற்கவேண்டும் என்பதில் தாய் தந்தையரைப் போற்றும் நான்காம் கற்பனை இருக்கிறது. முன்னோர் கட்டியதன் பக்கத்தில் அதை ஏளனம் செய்வது போல ஒன்றை எழுப்பாதே என்கிறது அது. பிரித்தறியக் கூடியதாக இருக்கவேண்டும் என்பதில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கற்பனை இருக்கிறது. நேற்றுக் கட்டியதை நூறு வருடத்துப் பழசு போலக் காட்டி, நடந்தது நடவாதது போல வேடம் போடாதே என்கிறது அது.

அசிசி நகரில் 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி நிலநடுக்கத்தில் புனித பிரான்சிஸ் பேராலயத்தின் கூரை வளைவு இடிந்தது. நால்வர் இறந்தனர். சுவரோவியங்கள் பல்லாயிரம் துண்டுகளாகச் சிதறின. அவற்றைப் பொறுக்கி, பொருத்தி, கிடைத்த துண்டுகளை அவற்றின் இடத்தில் வைத்தார்கள். கிடைக்காத இடங்களைக் கற்பனையால் புனைந்து தீட்டி ஏமாற்றவில்லை. கண்ணை உறுத்தாத நிறத்தில் வெறுமையை வெறுமையாகவே விட்டார்கள். இரண்டு கற்பனைகளும் ஒரே சுவரில் காக்கப்பட்டன எனலாம்.

இதற்கு மேலான உவமை ஒன்றும் நம்மிடம் உண்டு. உயிர்த்த ஆண்டவர் தோமையாரின் முன் நின்றபோது அவருடைய உடல் புதியது. சாவு இனி அதைத் தொடாது. ஆனாலும் ஆணித் தழும்புகள் இருந்தன. தழும்பே இல்லாத உடலோடு அவர் வந்திருந்தால் வந்தவர் அவர்தானா என்று தோமையார் எப்படி அறிவார்? தழும்பில் இரத்தம் வடியவில்லை என்பதையும் கவனியுங்கள். காயம் ஆறியது, அடையாளம் மறையவில்லை. திரும்பக் கட்டுகிற எவருக்கும் இதைவிட நல்ல வரைபடம் கிடைக்குமா?

மேசனும் குளக்கட்டும் சொல்லித்தரும் பாடம்

வேலை தெரிந்தவர்களிடம் கேட்டால் இதே பாடத்தை வேறு மொழியில் சொல்வார்கள்.

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய சுவர் மூச்சு விடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சாந்தின் வழியாக வெளியேறும். பலப்படுத்துகிறோம் என்று அதன்மேல் கடும் சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், உப்புப் பூக்கும், சில வருடங்களில் பூச்சு அப்படியே இருக்க, உள்ளிருக்கும் செங்கல் உதிரத் தொடங்கும். புதியது வலியது என்பதாலேயே பழையதைக் கெடுத்துவிடும். பழைய சுவருக்கு அதன் இயல்புக்கு ஏற்ற மென்மையான சாந்தே வேண்டும்.

இன்னொன்று. பழைய கட்டடத்தின் அத்திவாரம் தன் பாரத்தால் இறங்க வேண்டிய அளவு எப்போதோ இறங்கி நிலைத்துவிட்டது. அதோடு ஒட்டிப் புதிதாகக் கட்டும் பகுதி இனித்தான் இறங்கும். இரண்டையும் விறைப்பாகப் பிணைத்துவிட்டால் சேருமிடத்தில் வெடிக்கும். ஆகவே விவரமறிந்தவர்கள் நடுவே சிறு இடைவெளி விட்டு, இரண்டும் தத்தம் போக்கில் அசைய இடம் கொடுப்பார்கள். ஒரே வீட்டில் வாழும் மாமியாரும் மருமகளும் இதை எஞ்சினியரைவிட நன்றாக அறிவார்கள்.

மூன்றாவது, நம் குளக்கட்டு. இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது. பின்னர் பலமுறை அணை உயர்த்தப்பட்டது. பழைய கட்டின் சரிவில் புதிய மண்ணை வெறுமனே கொட்டினால் மழையில் அது வழுக்கிக்கொண்டு போய்விடும். முதலில் பழைய சரிவிலுள்ள புல்லையும் வேரையும் செதுக்கி எடுத்து, அதைப் படி படியாக வெட்டி, அதன்மேல் புதிய மண்ணை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து இறுக்கவேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பழையதும் சற்று வெட்டுப்பட வேண்டும். புதியதும் பொறுமையாக அடுக்கப்பட வேண்டும். முதியோரும் இளையோரும் இருக்கிற எந்தச் சபைக்கும் இது பொருந்தும்.

ஏழைக்கு இது வீண் பேச்சா?

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "இதெல்லாம் பணமுள்ள நாடுகளின் பேச்சு. மழை ஒழுகுகிறவனுக்குப் பழசென்ன, புதுசென்ன? கூரை வந்தால் போதும்" என்று சொல்லலாம். இந்த மறுப்பை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஒழுகுகிற வீட்டில் இருக்கிறவரிடம் கட்டடக்கலை பேசுவது பசித்தவனுக்குப் பாட்டுப் பாடுவது போல.

ஆனால் நம் நிலத்தில் நடந்ததையே பாருங்கள். இந்திய அரசின் உதவியால் நடந்த வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா தவணை தவணையாகக் கிடைத்தது. குடும்பமே மேசனைப் பிடித்து, கல் அரிந்து, வீட்டைக் கட்டியது. காசு போதாமல் கடன்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் வாசல் எந்தப் பக்கம், குசினி எங்கே, முன்விறாந்தை வேண்டுமா என்பதில் அவர்கள் சொல் எடுபட்டது. 2016ஆம் ஆண்டளவில் வேறொரு திட்டம் பேசப்பட்டது: வடக்கு கிழக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள். எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பழம்பெருமை பேசி எதிர்க்கவில்லை. இந்த வெயிலுக்கு இரும்புச் சுவர் தாங்குமா, உடைந்தால் ஊர் மேசனால் திருத்த முடியுமா, பிள்ளை வளர்ந்தால் ஓர் அறை கூட்ட முடியுமா, இந்தக் காசுக்கு எத்தனை கல்வீடு கட்டலாம் என்று கேட்டார்கள். திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை.

பழையதன் உண்மையான பயன் இங்கேதான் விளங்கும். வன்னியின் பழைய வீட்டில் தடித்த மண்சுவர், கிடுகுக் கூரை, தாழ்ந்த இறவாரம், திண்ணை, வாசலில் வேம்பு என்று எல்லாம் இருந்தது அழகுக்காக அல்ல. வெயிலை அறிந்தவர்கள் வெயிலுக்குச் சொன்ன மறுமொழி அது. புதியதன் பயனும் அப்படியே: சூறாவளியைத் தாங்கும் கொங்கிறீற்று வளை, பாம்பு புகாத தளம், வீட்டோடு சேர்ந்த மலசலகூடம். மண்சுவர் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று எந்தத் தாயிடமும் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் சீமெந்து வீட்டுக்கும் இறவாரம் இறக்கலாம், திண்ணை வைக்கலாம், வேம்பைத் தறிக்காமல் விடலாம். இதற்கு அதிக காசும் தேவையில்லை. யோசனைதான் தேவை. ஏழையிடம் கேட்காமல் அவனுக்குக் கட்டுவதே அவனுக்குச் செய்யும் பெரிய அவமரியாதை.

பழையது என்பது எது?

ஒரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடுவோம். பழையது என்றால் கலப்பில்லாதது என்று நினைக்கிறோம். லூவெய்ன் மண்டபம் துணிக்கடையின்மேல் எழுந்த கல்விக்கூடம் என்று கண்டோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தைச் சிசம் என்ற ஆங்கிலேயர் 1874க்கும் 1879க்கும் இடையில் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளைக் கலந்து கட்டினார். இன்று அதுவே பழைமைச் சின்னமாகப் புதுப்பித்துப் பேணப்படுகிறது. நம் யாழ்ப்பாண நூலகமும் இந்தியக் கும்பங்களை அணிந்த நவீன கட்டடமே. இன்று பழையது எனப் போற்றுவதெல்லாம் ஒரு காலத்தில் புதியதாக, கலப்பாக, சிலருடைய முகச்சுளிப்புக்கு ஆளாகித்தான் வந்தது. ஆகவே புதியதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பொய்யைக் கண்டும் அவமதிப்பைக் கண்டும் அஞ்சினால் போதும்.

நாம் செய்யக்கூடியவை

பல பங்குகளில் பழைய சிற்றாலயம் இருந்த இடத்தில் பெரிய கோவில் கட்டும் ஆசை இருக்கிறது. சனம் பெருகினால் இடம் வேண்டும், அது நியாயமே. ஆனால் இடிக்க முதல் சில காரியங்களைச் செய்யலாம். கட்டடத்தை அளந்து, படம் எடுத்து, கட்டியவர்களின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். நல்ல நிலையிலுள்ள பகுதியை உள்ளே வைத்துக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். அசிசிக்கு அருகில், புனித பிரான்சிஸ் தம் கையால் செப்பனிட்ட போர்சியுங்குலா என்னும் மிகச் சிறிய ஆலயத்தின்மேல், 1569 முதல் ஒரு மாபெரும் பேராலயம் எழுப்பினார்கள். சிற்றாலயத்தை இடிக்கவில்லை, பேராலயத்தின் நடுவில் அது இன்றும் குஞ்சைப் போல இருக்கிறது. அது முடியாவிட்டால் மணி, பீடக்கல், ஞானஸ்நானத் தொட்டி, வாசற்கதவு ஆகியவற்றையாவது புதிய கோவிலில் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மணியைவிட, அடிக்கிற மணி நல்லது. செல் விழுந்த தடம் உள்ள ஒரு முழத் துண்டுச் சுவரை, தாங்கக் கூடியதாக இருந்தால், பூசாமல் விட்டு, திகதியை மட்டும் எழுதி வையுங்கள். எவரையும் ஏசி எழுத வேண்டாம்.

அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் புதிய விரிவுரை மண்டபங்களைக் கட்டுகிறவர்களிடம் கேட்கவும் ஒன்று உண்டு. அங்கே இணைத்துக்கொள்ளப் பழைய அரண்மனை இல்லை. ஆனால் நிலம் பழையது. பாலையும் மருதும் பழையவை. காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மாரியில் வெள்ளம் எந்த வழியே ஓடும் என்று அயற்கிராமத்து முதியவர்கள் அறிந்துவைத்திருப்பது பழையது. போரின்போது இடம் விட்டு இடம் பெயர்ந்து விவசாய பீடம் நடத்திய பாடங்களும் இப்போது வரலாறே. இவற்றைக் கேட்டறிந்து கட்டினால், முற்றிலும் புதிய கட்டடமும் பழையதோடு உறவு கொண்டதாகும்.

பாபிலோனிலிருந்து திரும்பிய யூதர்கள் இடிந்த தேவாலயத்துக்கு மீண்டும் அத்திவாரம் இட்ட நாளைப் பற்றி எஸ்றா ஆகமம் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியோர் உரத்த குரலில் அழுதார்கள். கண்டிராத இளையோர் மகிழ்ச்சியால் ஆர்ப்பரித்தார்கள். அழுகை எது, ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் ஒரே ஓசையாய்த் தொலைவுக்குக் கேட்டது. அழுதவர்களை யாரும் அடக்கவில்லை. ஆர்ப்பரித்தவர்களையும் யாரும் கண்டிக்கவில்லை. அத்திவாரம் இடப்பட்டது.

அடுத்த முறை உங்கள் ஊரில் கட்டடக் குழு கூடும்போது, முதியவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்துங்கள். காசு எவ்வளவு என்று கேட்க முதல், எதை வைத்திருக்கப் போகிறோம் என்று கேளுங்கள். விடை கிடைக்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும். சுவர் நம்மைவிட நெடுங்காலம் நிற்கப் போவது.